வேகன் காருக்கு பிரேஸ் பார்: எங்கே போட்டால் பலன், எங்கே வீண்

கேள்வி இது. 2003 முதல் 2009 வரை வந்த நான்காம் தலைமுறை சுபாரு லெகசி வேகன் (கூரை பின்கதவுவரை நீளும் கார்) கையில் இருக்கிறது. பிரேஸ் பார் என்பது உடற்கூட்டின் இரு இடங்களை இணைத்து நெகிழாமல் பிடிக்கும் கம்பி. முன்பக்க ஸ்ட்ரட் டவர் பார் (சஸ்பென்ஷனின் மேல்முனை உட்காரும் இரு மேடுகளை இணைப்பது), முன் லோயர் ஆர்ம் பார் (சக்கரங்களைக் கீழே பிடிக்கும் ஆர்ம்களின் பிடிமானங்களை இணைப்பது), பின் டவர் பார் மூன்றும் சேர்ந்த செட் ஒன்றைப் பூட்டினால் வளைவுகளில் வண்டி இன்னும் நன்றாகத் திரும்புமா? சாலை எப்படி இருக்கிறது என்பது ஸ்டியரிங்கில் இன்னும் தெளிவாகத் தெரியுமா?

டயரின் பிடிமானம் ஏறக்குறைய மாறாது. ஸ்டியரிங்கைத் திருப்பியதற்கும் வண்டி திரும்பத் தொடங்குவதற்கும் நடுவிலுள்ள தாமதம் கொஞ்சம் குறையும். மேடுபள்ளத்தில் ஏறி இறங்கியபின் உடற்கூடு நடுங்குவதும் குறையும். இவை இரண்டும் சரியான இடத்தில், சரியான வடிவமுள்ள பார் போட்டால் மட்டுமே கிடைக்கும். வேகனில் அந்த இடம் பெரும்பாலும் பின்பாதியில்தான் இருக்கிறது. பெரும்பாலோர் முதலில் வாங்குவதோ முன் டவர் பார்.

வேகனின் உடற்கூட்டை முதலில் பார்க்க வேண்டும். செடானில் பின்சீட்டுக்குப் பின்னால் ஒரு குறுக்குத் தகடு உண்டு. அதன் மேல், பின்கண்ணாடிக்குக் கீழே ஒரு தட்டு. இரண்டும் சேர்ந்து இடது, வலது பக்கங்கள் ஒன்றுக்கொன்று சாயாமல் பிடித்துக்கொள்கின்றன. வேகனில் இரண்டுமே இல்லை. தீப்பெட்டியின் மேலுறையை மட்டும் எடுத்து மூலையில் அழுத்திப் பாருங்கள்: சட்டென்று சாய்சதுரமாகிவிடும். உள்பெட்டியைச் செருகிவிட்டு அழுத்தினால் அசையாது. வேகன் என்பது உள்பெட்டி இல்லாத மேலுறை. பின்கதவுத் திறப்பைச் சுற்றியுள்ள வளையம் ஒன்றுதான் அந்தச் சாய்வைத் தடுக்கிறது. அதோடு கனமான பின்கதவு ஒன்று அந்த வளையத்தின் மேல்விளிம்பிலேயே தொங்குகிறது.

தயாரிப்பாளர்கள் உழைப்பதும் இந்த இடத்தில்தான். 2020-இல் ஜப்பானில் வந்த இரண்டாம் தலைமுறை லெவோர்க் வேகனுக்கு, முதலில் உள்சட்டங்களை முழுமையாக இணைத்துவிட்டு அதன்பின் வெளித்தகடுகளைப் பற்றவைக்கும் முறையை சுபாரு கொண்டுவந்தது. முந்தைய லெவோர்க்கைவிட முறுக்க விறைப்பு (உடல் முறுகாமல் எதிர்க்கும் திறன்) 44 சதவீதம் கூடியதாக அறிவித்தது. அளவு கூடிய ஒற்றைப் பாரால் வந்ததல்ல இது. திறப்புகளைச் சுற்றியுள்ள வளையங்கள் தொடர்ச்சியாக இணைக்கப்பட்டதால் வந்தது. போல்ட் போட்டுப் பூட்டும் பார் எதுவும் இந்த அளவுக்குப் பக்கத்தில்கூட வராது. எதிர்பார்ப்பை அங்கிருந்தே அளந்துகொள்வது நல்லது.

இனி முன்பக்கம். லெகசியின் முன் சஸ்பென்ஷன் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே கம்பமாகச் சேர்ந்த வகை. ஓட்டுநரோடு சேர்த்து முன் அச்சின் மேல் சுமார் 850 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 0.8 ஜி (புவியீர்ப்பின் 0.8 பங்கு) அளவுக்கு வளைவில் தள்ளினால் வெளிப்பக்க முன்டயர் ஏறத்தாழ 4,600 நியூட்டன் பக்கவிசையைச் சுமக்கும். சக்கரத்தையும் லோயர் ஆர்மையும் இணைக்கும் லோயர் பால் ஜாயின்ட் தரையிலிருந்து சுமார் 200 மி.மீ., ஸ்ட்ரட்டின் தலை சுமார் 800 மி.மீ. உயரத்தில். நெம்புகோல் கணக்குப்படி ஸ்ட்ரட் டவருக்குப் போவது அந்த விசையில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 1,500 நியூட்டன், வெளிநோக்கி. லோயர் ஆர்முக்குப் போவது மூன்றில் நான்கு பங்கு (1.33 மடங்கு): 6,100 நியூட்டனுக்கு மேல், உள்நோக்கி. சக்கரத்தின் மேல் இறங்கும் எடை டவரை எதிர்ப்பக்கம் தள்ளுவதால் மேலே வரும் 1,500 நடைமுறையில் இன்னும் குறையும். கீழே வரும் விசை மேலே வருவதைப்போல் நான்கு மடங்கு. பானெட்டைத் திறந்தால் கண்ணில் படுவது மேல்பாகம் என்பதாலேயே அதற்குப் பார் அதிகம் விற்கிறது.

அந்த டவர் 1 மி.மீ. நகர்கிறது என்றே வைத்துக்கொண்டாலும் கேம்பரில் (முன்னிருந்து பார்க்கும்போது சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்) வரும் மாற்றம் 0.1 டிகிரிதான். அதே வளைவில் உடல் சாய்வதால் மட்டும் வெளிச்சக்கரம் இழக்கும் கேம்பர் இதைப்போல் பல மடங்கு. எனவே டவர் பார் கேம்பரைக் காப்பாற்றிப் பிடிமானத்தைக் கூட்டுகிறது என்ற விளம்பர வாசகத்தை நம்ப வேண்டாம்.

எது எவ்வளவு நெகிழ்கிறது என்று வரிசைப்படுத்தினால் படம் தெளிவாகும். சாதாரண ரோடு டயரின் பக்கவாட்டு விறைப்பு மி.மீ.க்கு 200 நியூட்டன் அல்லது அதற்கும் கீழே. அதே 4,600 நியூட்டனில் டயர் மட்டும் 20 மி.மீ.க்கு மேல் பக்கவாட்டில் நகரும். அடுத்தது ரப்பர் புஷ்கள் (சஸ்பென்ஷன் இணைப்புகளில் உள்ள ரப்பர் உறைகள்), நல்ல நிலையில் இருந்தால் ஒன்றிரண்டு மி.மீ., பழசானால் அதைவிட மிக அதிகம். உடற்கூடு கடைசியில், ஒரு மி.மீ.க்கும் குறைவாக. இதனால்தான் டயரின் காற்றழுத்தத்தை 0.2 பார் (இங்கே பார் என்பது அழுத்த அலகு) மாற்றுவது, பல பிரேஸ்களைவிடத் தெளிவாகக் கையில் தெரிகிறது.

அப்படியென்றால் பாருக்குப் பயனே இல்லையா? உண்டு, ஆனால் வேறு கணக்கில். டயரும் புஷ்ஷும் ரப்பர் என்பதால் நெகிழும்போதே ஆற்றலைத் தின்று அதிர்வை அடக்கிவிடும். இரும்புக் கூட்டுக்கு அந்தக் குணம் மிகக் குறைவு. நெகிழ்ந்தால் திரும்பி உதறும், அந்த உதறல் அடங்க நேரமாகும். வேகன் உடலின் முதல் முறுக்க அதிர்வு பொதுவாக வினாடிக்கு 25 முதல் 35 தடவை என்ற எல்லையில் வரும், செடானைவிடக் கீழே. ஸ்டியரிங்கிலும் இருக்கையிலும் மனிதர் தெளிவாக உணரும் எல்லை அது. நெகிழ்வின் அளவு சிறிதாக இருந்தும் பிரேஸ் போட்டதும் 'வண்டி இறுகிவிட்டது' என்று பலர் சொல்வது பிரமை அல்ல. இந்த உதறலின் அளவும் வேகமும் மாறுவதைத்தான் அவர்கள் உணர்கிறார்கள்.

பாரின் வடிவத்துக்கு வருவோம், பணம் அதிகம் வீணாவது இங்கேதான். 28 மி.மீ. விட்டம், 1.6 மி.மீ. சுவர், 800 மி.மீ. நீளமுள்ள நேரான எஃகுக் குழாயை அதன் நீளவாக்கில் இழுத்தால் விறைப்பு மி.மீ.க்கு சுமார் 33,000 நியூட்டன். அதே குழாயை இன்ஜினையும் இன்டர்கூலரையும் (டர்போ காற்றைக் குளிர்விக்கும் கருவி) தாண்டுவதற்காக 60 மி.மீ. மேலே வளைத்துக் கொண்டுபோனால், விசைக்கோட்டிலிருந்து விலகிய அந்தப் பகுதி வில்லாக நடந்துகொள்ளும். விறைப்பு மி.மீ.க்கு 800 நியூட்டன் அளவுக்கு விழுந்துவிடும். நாற்பதில் ஒரு பங்கு! குழாயின் விட்டத்தைக் கூட்டினால் ஓரளவு மீட்கலாம். பளபளக்கும் மெல்லிய அலுமினியக் குழாயில் வளைத்துச் செய்த பாரில் மீட்க எதுவும் இல்லை. லெகசி டர்போவில் இன்ஜினின் தலையிலேயே இன்டர்கூலர் உட்கார்ந்திருப்பதால் முன் டவர் பார் வளையாமல் போவது கடினம்.

முனைகளையும் பாருங்கள். பாரும் தகடும் ஒரே ஒரு போல்ட்டில் கீல்போல் இணைந்திருந்தால் அது நேர் இழுவையையும் தள்ளுதலையும் மட்டுமே தாங்கும். அந்தப் போல்ட் துளையில் அரை மி.மீ. ஆட்டம் இருந்தாலே பார் வேலை செய்யத் தொடங்குமுன் டவர் நகரவேண்டிய அளவு நகர்ந்து முடிந்திருக்கும். சிலர் கீலையே வேண்டாம் என்று முழுக்கப் பற்றவைத்த பாரைத் தேடுகிறார்கள். அதிலும் ஒரு விலை உண்டு: இரு டவர்களும் தனித்தனியே மேலும் கீழும் அசைவதையும் அது தடுப்பதால், கரடான சாலையில் ஸ்டியரிங் வெட்டி வெட்டி இழுக்கும். சுபாருவின் பந்தயத் துணை நிறுவனமான எஸ்.டி.ஐ. விற்கும் நெகிழ்வுள்ள டவர் பார் இதற்கு ஒரு நல்ல விடை. பாரை நடுவில் வெட்டி ஒரு பந்து மூட்டு வைத்திருக்கிறார்கள். பக்கவாட்டு விசைக்கு விறைப்பு, மேல்-கீழ் அசைவுக்குச் சுதந்திரம். முன் டவர் பார் போட்டே ஆகவேண்டும் என்றால் இந்த வகையைத்தான் சொல்வேன்.

முன் லோயர் ஆர்ம் பாரின் கதை வேறு. மேலே சொன்ன 6,100 நியூட்டன் இறங்கும் இடத்தில்தான் அது உட்காருகிறது. ஆனால் லெகசியில் இரு ஆர்ம்களின் முன் பிடிமானங்களையும் கனமான கிராஸ்மெம்பர் (குறுக்குச் சட்டம்) ஏற்கெனவே இணைக்கிறது. எனவே அதே இரண்டு இடங்களை மறுபடி இணைக்கும் நேர்ப் பார் அதிகம் சேர்ப்பதில்லை. ஆர்மின் பின்பக்கப் பெரிய புஷ் உட்காரும் இடங்களை ஒன்றோடொன்றும், கிராஸ்மெம்பரோடும் சேர்த்துக் கட்டும் நான்கு முனை அல்லது ஆறு முனைச் சட்டம் என்றால் பலன் தெரியும், குறிப்பாக பிரேக் போட்டுக்கொண்டே வளைவில் நுழையும்போது. வாங்குமுன் படத்தில் போல்ட் துளைகளை எண்ணிப் பாருங்கள்.

பின்பக்கம் வேகனுக்கு முக்கியம் என்று சொன்னேன். அங்கே இரண்டு தனிப் பிரச்சினைகள் உண்டு: பின் சப்ஃபிரேம் (பின் சஸ்பென்ஷனைத் தாங்கும் துணைச்சட்டம்) உடலோடு ஆடுவது, பின்கதவு வளையம் சாய்வது.

முதலாவது ஓட்டத்தைத் தொடுகிறது. பின்சக்கரத்தின் டோ (மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) 0.1 டிகிரி மாறினாலும் வேகத்தில் தடம் மாற்றும்போது தெரியும்; கேம்பரைவிட டோவுக்கு வண்டி அவ்வளவு உடனே பதில் சொல்லும். சப்ஃபிரேம் புஷ் தளர்ந்திருந்தால் முன்பக்கம் திரும்பியபின் பின்பக்கம் ஒரு கணம் தாமதித்து வந்து சேரும். சப்ஃபிரேமின் பின் பிடிமானங்களைத் தரைக்கு அடியில் இணைக்கும் பார், புது புஷ்களோடு சேர்ந்து, இந்தத் தாமதத்தைக் குறைக்கும். டிக்கியில் இடமும் போகாது. முன்பக்கத்தை மட்டும் கூர்மையாக்கிவிட்டு இதை விட்டுவிட்டால் முன்-பின் இடைவெளி இன்னும் அதிகமாகி, நெடுஞ்சாலையில் வண்டி பதற்றமாகத் தோன்றும். இதனால்தான் வேகனுக்கு முன் டவர் பாரை முதலில் வாங்காதீர்கள் என்கிறேன்.

இரண்டாவது பிரச்சினை, அதாவது வளையத்தின் சாய்வு, பெரும்பாலும் சத்தமாகவும் நடுக்கமாகவும் வெளிப்படும். சமதளத்தில் ஒரு முன்மூலையை மட்டும் ஜாக்கில் உயர்த்துங்கள். தூக்குமுன்னும் பின்னும் பின்கதவுத் திறப்பின் இரு மூலைவிட்டங்களையும் டேப்பால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பின்கதவைச் சாத்தினால் பூட்டு முன்போலவே விழுகிறதா என்றும் பாருங்கள். மூலைவிட்ட வித்தியாசம் ஒரு மி.மீ.க்குள் என்றால் அந்த உடல் நல்ல நிலையில் இருக்கிறது. இரண்டு மூன்று மி.மீ. என்றால் பார் தேடுமுன் துருவையும் பழைய விபத்துப் பழுதையும் தேடுங்கள். கனடாவில் பனிக்கால உப்புச் சாலைகளில் ஓடிய வண்டி என்றால் பின்சக்கர வளைவின் உள்பக்கமும் சில் பெட்டிகளின் (கதவுகளுக்குக் கீழே ஓடும் பெட்டிச் சட்டங்கள்) பின்முனையும் முதல் சந்தேகம். துருப்பிடித்த தகட்டில் பார் மாட்டினால், அது தாங்கவேண்டிய இடமே கிழியும்.

செலவில்லாத ஒரு வேலை உண்டு. இதை யாரும் சொல்வதில்லை என்பது வருத்தம். பின்கதவின் இரு ஓரங்களிலும் உள்ள ரப்பர் முட்டுகள், மூடிய கதவை வளையத்துக்குள் ஆப்புபோல் இறுக்கிப் பிடிக்க வேண்டியவை. காலப்போக்கில் அமுங்கிவிடும். திருகி உயரம் மாற்றக்கூடிய வகை என்றால் அரைச்சுற்று வெளியே எடுத்து, கதவு சற்று அழுத்தமாகச் சாத்தும்படி வையுங்கள். மாற்ற முடியாத வகை என்றால் புதிது போடுங்கள். பூட்டு விழும் கொக்கியில் கிரீஸ், சுற்று ரப்பரில் சிலிக்கோன். பாதி வேகன்களின் 'பின்பக்க நடுக்கம்' இதிலேயே அடங்கிவிடும். இந்த லெகசியில் பக்கக் கதவுகளின் கண்ணாடிக்கு மேற்சட்டம் கிடையாது. கண்ணாடி ரப்பரில் உரசிக் கீச்சிடுவதையும் பலர் உடல் நெகிழ்வு என்று நினைக்கிறார்கள். அதற்கும் முதல் மருந்து ரப்பரும் கண்ணாடியின் நிலைப்பாடும்தான்.

உள்ளே குறுக்காகப் போகும் பின் டவர் பாரை நான் பரிந்துரைப்பதில்லை. பின் சஸ்பென்ஷன் பல இணைப்புக் கம்பி வகை. பக்கவாட்டு விசையைக் கீழே உள்ள இணைப்புகளே சுமக்கின்றன, ஷாக்கின் தலைக்கு வருவது பெரும்பாலும் மேல்நோக்கிய விசை. குறுக்குப் பாருக்கு அங்கே வேலை குறைவு. சீட்டை மடித்தால் முட்டும், நீளமான சாமான் போகாது. வேகனில் டிக்கியும் கேபினும் ஒரே அறை என்பதால், பார் கடத்தும் டயர் இரைச்சலும் நேராகக் காதுக்கு வரும். வேகனை வேகனாகப் பயன்படுத்துபவருக்கு இது நஷ்டக் கணக்கு.

நடுக்கத்தை மட்டும் அடக்க வேண்டுமென்றால் விறைப்பான பாரைவிட யமஹாவின் பெர்ஃபார்மன்ஸ் டேம்பர் போன்ற கருவிகள் பொருத்தமானவை. பார்க்கப் பார் போலவே இருக்கும், உள்ளே எண்ணெயும் வாயுவும் கொண்ட டேம்பர். அதன் வேலை விறைப்பைக் கூட்டுவதல்ல, உதறல் எழுந்ததும் அதை அடக்குவது. விலை அதிகம், சாலையுணர்வுக்காகச் செலவழிக்க முடிவெடுத்தவர்கள் மூன்று பார் கொண்ட செட்டைவிட இதைப் பார்க்கலாம்.

செலவின் வரிசை என்னைக் கேட்டால்: டயர், முன் லோயர் ஆர்ம் பின்புஷ், ட்ரெய்லிங் ஆர்ம் முன்புஷ், ஷாக்குகள், ஸ்டியரிங் ராக் புஷ், பிறகு அலைன்மென்ட் (சக்கரக் கோணங்களைச் சரிசெய்வது). இந்த வயது வண்டியில் இவற்றில் குறைந்தது இரண்டாவது ஒன்றாகக் கெட்டுப் போயிருக்கும். புஷ்ஷைச் சோதிக்க, ஆர்முக்கும் பிடிமானத்துக்கும் நடுவில் நெம்புகம்பி வைத்து அசையுங்கள்; ரப்பர் உலோகத்திலிருந்து பிரிந்து வாய் திறந்தால் மாற்ற வேண்டியதுதான். ஆன்டி-ரோல் பார் (வளைவில் உடல் சாய்வதைக் குறைக்கும் கம்பி) மாற்றுவது பிரேஸைவிடப் பெரிய மாற்றம்: அதன் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும், 17 மி.மீ.யிலிருந்து 20 மி.மீ.க்குப் போனால் ஏறக்குறைய இரட்டிப்பு. இதையும் ஸ்பிரிங்குகளையும் பல மடங்கு இறுக்கிய பிறகுதான் உடலின் முறுக்க விறைப்பு ஒரு தடையாகத் தொடங்கும். கம்பெனி ஸ்பிரிங்கோடு ஓடும் வண்டியில் உடல் ஏற்கெனவே சஸ்பென்ஷனைவிட இருபது மடங்கோ அதற்கு மேலோ விறைப்பானது.

பூட்டும் முறை. முன் டவர் பார் போடும்போது நான்கு சக்கரமும் சமதரையில் நிற்க வேண்டும், ஜாக்கில் அல்ல. ஒவ்வொரு பக்கமும் ஸ்ட்ரட் மவுன்ட்டின் மூன்று நட்டுகளை மட்டும் கழற்றுங்கள், 12 மி.மீ. ஸ்பேனர். நடுவிலுள்ள பெரிய நட்டைத் தொடவே கூடாது, அது அமுங்கிய ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கிறது. தகடு உட்காரும் இடத்தைத் துடைத்து, தடித்த பெயின்ட் பொருக்கு இருந்தால் நீக்கி, மெழுகு வகைத் துருத்தடுப்பு பூசுங்கள். நீளத்தை மாற்றக்கூடிய பார் என்றால் போல்ட் கைவிரலால் நுழையும் அளவுக்கு வைத்து அதே நிலையில் பூட்டுங்கள். முன்கூட்டியே தள்ளியோ இழுத்தோ வைப்பதை நான் ஏற்பதில்லை. டவர் தகட்டில் தேவையில்லாத நிரந்தர விசைதான் மிஞ்சும். நட்டுகளைச் சுற்றுமுறையில் 20 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள். இவை எம் 8 மரை. நீண்ட கைப்பிடியால் 'நன்றாக' இறுக்கி, மவுன்ட்டின் ஸ்டட்டை முறித்துக்கொள்வது அடிக்கடி நடக்கும் விபத்து. அதற்கு ஸ்ட்ரட்டையே இறக்க வேண்டிவரும். தகடு 4 மி.மீ. தடிமன் என்றால் நட்டு முழுவதும் ஏறி ஒரு மரையாவது வெளியே தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் அந்தப் பார் வேண்டாம். பானெட்டை மூடுமுன் பாரின் மேல் களிமண் உருண்டை வைத்து மூடித் திறந்தால் இடைவெளி தெரிந்துவிடும். இன்ஜின் ஆடுவதற்கும் சேர்த்து எல்லாப் பக்கமும் 15 முதல் 20 மி.மீ. இருக்கட்டும்.

கீழ்ப்பக்கப் பாருக்குக் கவனம் இன்னும் தேவை. போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, பாரோடு சேர்த்து மாட்டியபின் அடுத்ததைத் தொடுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகத் தளர்த்தினால் சப்ஃபிரேம் சில மி.மீ. நகரும், ஸ்டியரிங் சக்கரம் கோணலாகும், வண்டி ஒருபக்கம் இழுக்கும். தொடங்குமுன் சப்ஃபிரேமின் விளிம்பை பெயின்ட் பேனாவால் உடலில் கோடிட்டுக்கொள்ளுங்கள். புஷ் வழியாகப் போகும் போல்ட் என்றால் கடைசி இறுக்கத்தைச் சக்கரத்தின் மேல் எடை நிற்கும்போது கொடுக்க வேண்டும், இல்லையேல் புஷ் எப்போதும் முறுகிய நிலையில் நின்று சீக்கிரம் கிழியும். போல்ட்டை எவ்வளவு இறுக்குவது என்ற முறுக்கு அளவை, பார் தயாரிப்பாளரின் துண்டுத்தாளிலிருந்து எடுக்காமல் வண்டியின் கையேட்டிலிருந்து எடுங்கள். ஆயில் வடிக்கும் போல்ட், ஃபில்டர், சைலன்சர் குழாய் எல்லாவற்றுக்கும் வழி இருக்கிறதா என்று மாட்டுமுன்பே பாருங்கள். முடிந்ததும் அலைன்மென்ட். லெகசிக்குச் செய்த கீழ்ப்பார், அதன் உயரம் கூட்டிய வகையான அவுட்பேக்கில் பொருந்தும் என்று நம்பி வாங்காதீர்கள்; உயரம் கூட்டுவதற்காக வைத்த ஸ்பேசர்களால் போல்ட் நீளமும் கோணமும் மாறும்.

முன்ஃபெண்டருக்குள், கதவுக் கீலையும் டவரையும் இணைக்கும் பார்களை விட்டுவிடுங்கள். மோதலில் விசை எந்த வழியாகப் போகவேண்டும் என்று தயாரிப்பாளர் வகுத்த பாதையில் அவை குறுக்கிடுகின்றன.

பலன் உண்மையா என்று பார்க்க ஒரு நேர்மையான வழி உண்டு. டயர் குளிர்ந்திருக்கும்போது நான்கிலும் அழுத்தத்தைச் சமமாக்கி, அதே சாலையில், அதே வேகத்தில் போங்கள். வளைவின் நடுவில் ஒரு மேடு, ஒரு சக்கரம் மட்டும் முதலில் ஏறும் சரிவு, கரடான நேர்சாலை இவை மூன்றும் இருந்தால் போதும். நீங்கள் பார்க்காதபடி இன்னொருவர் பாரைக் கழற்றியோ மாட்டியோ வைக்கட்டும். பலமுறை மாற்றிமாற்றி ஓட்டி, எது எப்போது என்று எழுதி வையுங்கள். கவனிக்க வேண்டியவை: ஸ்டியரிங்கை நேர்நிலையிலிருந்து முதல் பத்து டிகிரி திருப்பும்போது வரும் பதில், மேட்டுக்குப் பின் உள்கண்ணாடி எத்தனை தடவை நடுங்கி அடங்குகிறது, மணிக்கு 60 முதல் 80 கி.மீ. வேகத்தில் கேபினுக்குள் புதிதாக முழக்கம் எழுகிறதா. முழக்கம் வந்தால் பார் உடலின் அதிர்வெண்ணை இன்ஜினோ டயரோ எழுப்பும் எண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோயிருக்கிறது என்று பொருள். அந்தப் பாரைக் கழற்றுவதே தீர்வு. ரப்பர் வாஷர் வைத்துச் சமாளித்தால் விறைப்பும் போய்விடும்.

மாட்டியதை வைத்துக்கொள்வதாக முடிவு செய்தால் 100 கி.மீ. ஓடியபின் எல்லா நட்டுகளையும் அதே அளவுக்கு டார்க் ரெஞ்ச் வைத்துச் சரிபாருங்கள். பெயின்ட் அமுங்கி இறுக்கம் குறைந்திருக்கும். அதன்பின் வருடம் ஒருமுறை, தகட்டின் விளிம்பில் தண்ணீர் தேங்கித் துரு தொடங்கியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.